நிஜ மாத்திரையும் சும்மா மாத்திரையும்

அட, சக்கரை மாத்திரையேதான்க்கா. ஏதோ புது மருந்துன்னு நினைச்சுப் பயந்துடாதீங்க. எங்க மாமியார் வருஷக்கணக்கா அதைத்தான் முழுங்கறாங்க. டாக்டரம்மா மாத்திரை பேரைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இதுக்கா இவ்வளவு பீடிகை, எங்க வீட்டு அலமாரியைத் திறந்தா தலையில விழுமேன்னேன். அவங்களும் சிரிச்சுட்டாங்க.

இல்ல இல்ல, எனக்கும் சக்கரை கிடையாது. நானும் உங்க கேஸ்தான். மாசமா இருக்கறப்ப வர்ற பிரஷர். நிக்காதீங்க, இப்படி என் கட்டில்லயே உக்காருங்க. கால் வீக்கம்னு நீங்க சொல்லவே வேண்டாம், நீங்க நடந்து வந்த சத்தமே சொல்லுச்சு. பாதிக் கால்தான் செருப்புக்குள்ள போகுது, மீதி தரையில இழுபடுது. சரிதானே? நான் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததே என் வீட்டுக்காரர் செருப்பைப் போட்டுக்கிட்டுத்தான். அவர் என் செருப்பு எதுக்குள்ளயும் கால் நுழையாம, வெறுங்காலோட பின்னாடியே வந்தார்.

உங்க வீட்டுக்காரர் எங்க, கீழயா? வாளி, பாய் எல்லாம் வாங்கப் போயிருக்காரா. வரட்டும். ஆராய்ச்சியில சேர்றதா இல்லையான்னு டாக்டரம்மா எப்ப பதில் சொல்லச் சொன்னாங்க? ரவுண்ட்ஸ் வர்றப்பவா? அப்ப இன்னும் நேரம் கிடக்கு. கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்துல படிச்சவ, அவங்க மாதிரி அழகாச் சொல்ல வராது. ஆனா எங்க கடை மோட்டார் பம்பு ரிப்பேர் கடை. அவர் கழட்டிப் பூட்டுவார், நான் வாஷர், வால்வு, குழாய்னு எடுத்துக் கொடுப்பேன். அதனால பிரஷர்னா எங்களுக்கு ஒண்ணும் புதுசு இல்ல பாருங்க.

விஷயம் இதுதான். வயித்துக்குள்ள நஞ்சுக்கொடி இருக்குல்ல, அது செடி வேர் மாதிரி நம்ம கர்ப்பப்பையில நல்லா இறங்கணுமாம். நமக்கு அது மேலாப்புல நின்னுடுச்சு. அதனால அதுக்கு ரத்தம் பத்தல. பத்தலைன்னா அது பாட்டுக்குப் பேசாம இருக்குமா? நம்ம ரத்தத்துக்குள்ள எதையோ கலந்து விடுதாம். அது போற எடமெல்லாம் ரத்தக்குழாயைப் புண்ணாக்கி, இறுக்கி, பிரஷரை ஏத்தி, கிட்னியை ஒழுக விட்டு, அப்புறம் தலைக்கு ஏறி... சரி, அது போகட்டும். டாக்டரம்மா இதையெல்லாம் படம் போட்டுக் காமிச்சப்ப எங்க வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? மேல் மாடிக்குத் தண்ணி ஏறலைன்னு அந்த வீட்டுக்காரன் கோவத்துல தொட்டியில மண்ணள்ளிக் கொட்டின மாதிரி இருக்கு மேடம்னார். அவங்க பேனாவை வெச்சுட்டு, அப்படியேதான்னாங்க. இவருக்கு ஒரே பெருமை. வீட்டுக்குப் போற வரைக்கும் எல்லார்கிட்டயும் இதையே சொல்லிட்டிருந்திருக்கார்.

மருந்தா? அதைத்தான் நானும் கேட்டேன். பிரஷரை அமுக்கி வைக்கத்தான் மாத்திரை இருக்காம். அது நம்பரை இறக்கும், நோயை இறக்காது. நோய் போகணும்னா ஒரே வழி, குழந்தையையும் கொடியையும் வெளிய எடுத்துடணும். நிறைமாசமா இருந்தா எடுத்துட்டுப் போறாங்க, யாருக்கு என்ன. நம்ம மாதிரி நடுவழியில நிக்கறவங்க என்ன பண்றது? எடுத்தா குழந்தைக்கு ஆகாது, விட்டா நமக்கு ஆகாது.

அங்கதான் இந்தச் சக்கரை மாத்திரை வருது. அந்தக் கொடி என்னமோ கலக்குதுன்னு சொன்னேன்ல, அதை இந்த மாத்திரை குறைக்குமோன்னு ஒரு நம்பிக்கை. குறைச்சா, குழந்தை இன்னும் கொஞ்ச நாள் உள்ள தாக்குப் பிடிக்கும். நம்பிக்கைதான்க்கா, நிச்சயம்னு யாரும் சொல்லல. நிச்சயமாத் தெரிஞ்சா எதுக்கு ஆராய்ச்சி பண்றாங்க, நேரா வாயில போட்டுட்டுப் போயிடுவாங்களே. சக்கரை இருக்கற கர்ப்பிணிங்களுக்கு ரொம்ப நாளாக் கொடுத்துப் பழகின மருந்து, அதனால பெரிசா பயமில்லைன்னாங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஆமா, அதுதான் இதுல இருக்கற வில்லங்கம். பாதிப் பேருக்குத்தான் நிஜ மாத்திரை. மீதிப் பேருக்கு அதே கலர்ல, அதே சைஸ்ல, உள்ள ஒண்ணுமில்லாத மாத்திரை. நாங்க அதைச் சும்மா மாத்திரைம்போம். யாருக்கு எதுன்னு நமக்கும் தெரியாது, சிஸ்டருக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கே தெரியாது. கம்ப்யூட்டர்தான் சீட்டுக் குலுக்கிப் போடுதாம்.

எனக்கும் உங்களை மாதிரியே சுர்ருன்னுதான் வந்துச்சு. நான் என்ன பாவம் பண்ணேன், எனக்கு எதுக்கு சும்மா மாத்திரைன்னேன். அவர்தான் சொன்னார், நாம கண்டன்சர் மாத்தறோம், மோட்டார் ஓடுது. நாம மாத்தினதால ஓடுச்சா, இல்ல அந்நேரம் பாத்துக் கரண்ட்டு சரியா வந்துச்சா? மாத்தாத மோட்டார் ஒண்ணைப் பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தானே தெரியும்? கரண்ட்டு வந்ததுக்கு நாம பேர் வாங்கிக்கக் கூடாதுல்லன்னார். சரின்னு பட்டுச்சு. என்ன, அந்தப் பக்கத்துல வெக்கற மோட்டாரா நாமளே இருக்கறப்பதான் கொஞ்சம் உறுத்துது.

அந்த ஜன்னல் திரையைக் கொஞ்சம் இழுத்து விடுங்களேன். வெயில் கண்ணைக் குத்துது.

வெயிலே இல்லையா? மேகமா இருக்கா. சரி, வெளிச்சம். ஏதோ ஒண்ணு. இழுத்து விடுங்க. ஆ, இப்ப பரவாயில்ல.

எனக்கு இது ரெண்டாவதுக்கா. உங்களுக்கு முதல்தானே? குரல்லயே தெரிஞ்சுது, ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை கேக்கறீங்க. நானும் அப்படித்தான் கேட்டேன். முதல் பொண்ணுக்கும் எனக்கு இதே பிரஷர்தான். அப்ப ஒரு விவரமும் தெரியாது. தலை வலிக்குதான்னு சிஸ்டர் கேட்டாங்க. ஆமா, மண்டையைப் பிளக்குதுன்னேன். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைதான் சொன்னேன், கட்டிலோட என்னைத் தள்ளிட்டு ஓடறாங்க. முழிச்சுப் பாத்தா வயிறு காலி. பிள்ளை எங்கன்னா, கண்ணாடிப் பெட்டியில.

எங்க கடையில அரை இன்ச் குழாய் இருக்கும். அவ தொடை அந்தப் பருமன். மூக்குல டியூப்பு, வாயில டியூப்பு. தோல் இருக்கே, ஈரக் காகிதம் மாதிரி, தொடவே பயமா இருக்கும். அவர்தான் முதல்ல பாத்துட்டு வந்து, கவலைப்படாதே, எலிக்குட்டி மாதிரி இருக்கா, எலி எதுக்கும் தப்பிச்சுடும்னார். அந்தப் பேரே நின்னுடுச்சு. எங்க எலி தப்பிச்சுடுச்சுக்கா. இப்ப நாலு வயசு. ஒரு காது சரியாக் கேக்காது, அதனால தெருவுக்கே கேக்கற மாதிரிதான் பேசுவா. மழை வந்தா நெஞ்சு இழுக்கும். படுக்க முடியாம உக்காந்துக்கிட்டே மூச்சு விடுவா. விட்டுட்டே என்கிட்ட கதையும் கேப்பா. அவளைப் பாத்தா உங்களுக்குச் சிரிப்பு வந்துடும், அப்படி ஒரு வாய்.

டாக்டரம்மா சொன்னாங்கதான். அன்னைக்கு நீ வாயைத் திறந்து சொன்னதாலதான் ரெண்டு பேரும் பொழைச்சீங்கன்னு. மூளைக்குப் புரியுதுக்கா. ஆனா ஒவ்வொரு தடவை அவளுக்கு நெஞ்சு இழுக்கறப்பவும், இன்னும் ரெண்டு நாள் வாயை மூடிட்டு இருந்திருக்கலாமோன்னு தோணத்தான் செய்யுது. தோணறதை என்ன பண்ண முடியும்.

இந்தத் தடவை அதைவிடச் சீக்கிரமே ஆரம்பிச்சுடுச்சு. இப்ப எடுத்தா எலியைவிடச் சின்னது. உள்ள இருக்கற ஒவ்வொரு நாளும் லாபம்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. குழந்தை நுரையீரலுக்கு ஊசியெல்லாம் போட்டாச்சு. இனிமே நாளை ஓட்டறதுதான் வேலை. அதான் மாத்திரைன்னதும் உடனே கையெழுத்துப் போட்டுட்டேன். சும்மா மாத்திரையா இருந்தாலும் நஷ்டமில்லையே, நிஜமா இருந்தா எலிக்கு ஒரு குண்டுத் தம்பி வரட்டும்னு.

கைய எடுக்கறேன், கைய எடுக்கறேன். நெத்தியைப் பிடிச்சுக்கறேனா? அது ஒண்ணுமில்ல, தலை சீவியே எத்தனை நாளாச்சு, அரிக்குது.

இந்த வார்டுல நடந்த கூத்தைச் சொல்றேன் கேளுங்க. எதிர்க்கட்டில் இருக்குல்ல, அது தையல்காரக்காவோடது. ஸ்கேனுக்குப் போயிருக்காங்க. அவங்களும் நானும் ஒரே நாள்லதான் மாத்திரை ஆரம்பிச்சோம். எங்களுக்கு ஒரே குடைச்சல், யாருக்கு நிஜம், யாருக்குச் சும்மா? அப்ப நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம ஒண்ணு சொன்னேன். எங்க மாமியார் இந்த மாத்திரை ஆரம்பிச்ச புதுசுல வயித்தால போய் ஆடிப் போயிட்டாங்க. பாத்ரூமே வீடுன்னு இருந்தாங்க. அதனால யாருக்கு வயிறு கலக்குதோ அவங்களுக்குத்தான் நிஜம்னேன்.

சிரிக்காதீங்கக்கா, நிஜமாவே. அவ்வளவுதான், மறுநாள்லேந்து கண்ணு முழிச்சதும் குட்மார்னிங் கிடையாது. என்ன, போச்சா? இன்னும் இல்ல. உங்களுக்கு? லேசா ஒரு பொருமல். அடிச்சது யோகம்! இதுதான் பேச்சு. தையல்காரக்கா முதல் நாளே ரெண்டு தடவை ஓடினாங்க. திரும்பி வர்றப்ப முகத்துல அப்படி ஒரு களை, பரிசு வாங்கிட்டு மேடையிலேந்து இறங்கற மாதிரி. எனக்குன்னா வயிறு பாறாங்கல்லு. அவங்க என்னைப் பாத்து, கவலைப்படாதே கண்ணு, உனக்கும் போகும்னு ஆறுதல் சொல்றாங்க. கூட்டித் துடைக்கற அம்மா துடைப்பத்தை ஊனிக்கிட்டு எங்களையே பாக்கறாங்க. இத்தனை வருஷத்துல பேதி ஆகலையேன்னு அழுத பொம்பளைய இப்பத்தான் பாக்கறேன்னாங்க.

பெரிய சிஸ்டர் காதுக்குப் போயிடுச்சு. வந்து பிடிச்சாங்க பாருங்க ஒரு பிடி. சிலருக்குப் பச்சைத்தண்ணி குடிச்சாலும் போகும், சிலருக்கு மாத்திரையையே தின்னாலும் போகாது, இதை வெச்செல்லாம் கணக்குப் போடாதீங்க, யாருக்கு எதுன்னு ஊகிக்கறதே தப்புன்னாங்க. தலையை ஆட்டினோம். அவங்க அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் மறுபடி அதே பேச்சு.

அப்புறம் நேத்து காலையில எனக்கும் வந்துச்சுக்கா. அய்யோ, என்ன சந்தோஷம்ங்கறீங்க! ஒரு தடவை இல்ல, விடாம. தையல்காரக்கா கட்டில்ல எழுந்து உக்காந்து கை தட்டறாங்க. நான் பாத்ரூம் வாசல்லயே நின்னு அவருக்குப் போன் பண்ணேன். எனக்கு வயித்தால போகுதுங்கன்னு கத்தினேன். அந்த மனுஷன் போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு மோட்டார் கழட்டிட்டிருக்கார். கடை நிறைய ஆள். சபாஷ்னு கத்தறார் அங்கேந்து. பொண்டாட்டிக்குப் பேதின்னா சபாஷ் போடற புருஷனை அவங்க எங்க பாத்திருப்பாங்க? ஒருத்தர் பம்பை ரிப்பேருக்கே விடாம எடுத்துட்டுப் போயிட்டாராம்.

எனக்கு அன்னைக்கு முழுக்கக் கால் தரையில படல. நிஜ மாத்திரை எனக்குள்ள வேலை செய்யுது, இனி என்ன வந்தாலும் அது பாத்துக்கும், எலித்தம்பி உள்ளயே ஊறட்டும்னு...

இருங்க. யார் வர்றது, பெரிய சிஸ்டரா? நடை அவங்க நடைதான். நீங்க அப்படியே உக்காருங்க, எழுந்திருக்காதீங்க.

சொல்லுங்க சிஸ்டர். இல்ல சிஸ்டர், புதுசா வந்திருக்காங்க பாவம், பயப்படறாங்க, பேசிட்டிருக்கேன். நல்லா இருக்கேன் சிஸ்டர். தலைவலியா? இல்லையே. கண்ணுல பூச்சி பறக்கறது, அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நெஞ்சுக்குக் கீழயும் வலி இல்ல. அசையுது, நல்லா உதைக்குது. சாப்பிட்டேன் சிஸ்டர், முழுசும் சாப்பிட்டேன். பிரஷர் இப்பவே பாக்கணுமா? மெஷின் பிரசவ ரூமுக்குப் போயிருக்கா? பரவாயில்ல சிஸ்டர், அவங்க வேலை முடிச்சுட்டே வரட்டும். நான் எங்க போகப் போறேன். மெதுவா வாங்க.

போயிட்டாங்களா? வாசலைத் தாண்டிட்டாங்களா, பாத்துச் சொல்லுங்க.

சரி. ஒண்ணுமில்ல, வாய் உலர்ந்து போச்சு. தண்ணி இருந்தா கையில கொடுங்க. கையில, கையில வைங்க. ம்ம். போதும்.

எங்க விட்டேன்? ஆங், நேத்து ராஜபோகம். இன்னைக்குக் காலையில அவர் எலியைத் தூக்கிட்டு வந்தார். வந்தவர் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறார். என்னாச்சுங்கன்னேன். முந்தாநாள் ராத்திரி உனக்கு மீன் வறுத்து எடுத்துட்டு வந்தேன்ல, அதைத்தான் நானும் அம்மாவும் வீட்டுல சாப்பிட்டோம், ரெண்டு பேருக்கும் நேத்துலேந்து பிச்சுக்கிட்டுப் போகுதுங்கறார். எலி மட்டும் முள்ளு குத்தும்னு தொடல, அவ நல்லா இருக்கா.

ஆமாக்கா. மீனு. மாத்திரையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல.

அவர் விழுந்து விழுந்து சிரிக்கறார். ஆராய்ச்சியில கையெழுத்தே போடாம எங்க ரெண்டு பேருக்கும் நிஜ மாத்திரை கெடைச்சுடுச்சு பாருங்கறார். நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன செய்ய? எலி வேற மடியில ஏறி உக்காந்துக்கிட்டு, தான் வரைஞ்ச படத்தை மூஞ்சிக்கு நேரா நீட்டறா. குதிரை ரொம்ப நல்லா இருக்குடி செல்லம்னேன். அம்மா, அது நீ அம்மான்னு வார்டே அதிரக் கத்தறா. இவருக்குச் சிரிப்பு தாங்கல, மறுபடியும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடிட்டார்.

அவங்க போனப்புறம்தான் யோசிச்சேன். எனக்கு நிஜமா சும்மாவான்னு இப்ப மறுபடி தெரியாது. நிஜமாவும் இருக்கலாம். மீனு வராம இருந்திருந்தாலும் வயிறு கலங்கியிருக்கலாம். யார் கண்டா. ஆனா நேத்து முழுக்க நான் ஒண்ணுமே இல்லாத ஒரு கயித்தைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கியிருக்கேன், கால் தரையில படலைன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு.

என்னக்கா திடீர்னு? முடிவு பண்ணிட்டீங்களா? சேரப் போறீங்களா?

இல்ல, நல்லதுதான். நான் வேண்டாம்னு சொல்லலையே. எங்கயோ ஒருத்தி எப்பவோ கையெழுத்துப் போட்டதாலதானே நமக்கு இன்னைக்கு நுரையீரல் ஊசியாவது கெடைக்குது. அப்படித்தான் டாக்டரம்மாவும் சொன்னாங்க. சேருங்க.

என்ன சொன்னீங்க?

என்னைப் பாத்தா?

நான் தெம்பா உக்காந்து சிரிச்சுப் பேசறேன், அதனால மாத்திரை வேலை செய்யுதுன்னு தெரியுது. அதான் சேரப் போறீங்களா?

கையெழுத்து எங்க போடணும்னு நான் காட்டணுமா. கொடுங்க. இருங்க. இது... இல்லக்கா. திருப்பி வாங்கிக்கங்க. பேனாவைக் கீழ வைங்க ஒரு நிமிஷம்.

நீங்க சேருங்க, சேராம போங்க, அது உங்க இஷ்டம். ஆனா என் மூஞ்சியைப் பாத்துச் சேராதீங்க. நான் மீனை நம்பின மாதிரி நீங்க என் வாயை நம்பப் போறீங்க. எனக்கு என் வாயை மூடி வெக்கத்தான் பயமா இருந்துச்சு, அதனாலதான் இவ்வளவு நேரம் பேசிட்டே இருந்தேன். பேச்சை நிறுத்தினா வலிதான் கேக்குது.

சிஸ்டர்கிட்ட நான் சொன்னதெல்லாம் நீங்க கேட்டீங்கல்ல. அது பொய்க்கா.

நேத்து சாயங்காலத்துலேந்து தலை வலிக்குது. மொதல்ல லேசாத்தான் இருந்துச்சு. நான்தான் நிஜ மாத்திரைக்காரியாச்சே, அது பாத்துக்கும்னு விட்டுட்டேன். காலையில மீன் விஷயம் தெரிஞ்சப்பவே கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. போன தடவை இந்த வாய்தானே திறந்துச்சுன்னு நினைச்சேன், உள்ளயே போயிடுச்சு. இன்னைக்கு ஒரு நாள், நாளைக்கு ஒரு நாள்னு எலித்தம்பிக்குச் சேத்துக் கொடுக்கலாம்னு பாத்தேன். மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வெச்சாங்க. தட்டுக்கு நடுவுல ஒண்ணுமே இல்ல. கை வெச்சா சாப்பாடு இருக்கு, பாத்தா இல்ல. ஓரமெல்லாம் மினுமினுன்னு வெல்டிங் அடிக்கற மாதிரி. அப்பவும் சரி, கொஞ்ச நேரத்துல போயிடும்னு முழுசும் தடவித் தடவியே சாப்பிட்டேன்.

நான் விழுந்துட்டா, உள்ள இருக்கறதுக்கு எந்த நாளு லாபம்? சொல்லுங்க. இவ்வளவு நேரம் இது எனக்குத் தெரியாமயா பேசிட்டிருந்தேன்? தெரியும். சொல்ல ஒருத்தர் வேண்டியிருந்துச்சு, அவ்வளவுதான்.

உங்க குரல் கொஞ்சம் கனமா இருக்கறதால அக்கான்னு கூப்பிட்டுட்டேன். நீங்க என்னைவிடச் சின்னவங்களாக்கூட இருக்கலாம். எனக்குத் தெரியல. நீங்க வந்து உக்காந்ததுலேந்து உங்க முகம் இருக்கற எடத்துல எனக்கு ஒண்ணுமே இல்ல.

அழாதீங்க, நான் அழறேனா பாருங்க. எழுந்திருங்க. வராந்தா கடைசியில சிஸ்டருங்க ரூம். தலைவலி, கண்ணு தெரியல, இப்ப நெஞ்சுக்குக் கீழயும் இறுக்கிப் பிடிக்குது. மூணையும் சொல்லுங்க, ஒண்ணையும் விட்டுடாதீங்க. இவ்வளவு நேரம் பொய் சொன்னாளாம்னும் சொல்லுங்க, திட்டறதை அப்புறம் வாங்கிக்கறேன். ஓடாதீங்க, நீங்களும் மாசமா இருக்கீங்க. ஆனா நடுவுல எங்கயும் நிக்காதீங்க.